மறு: கிரவுண்ட் லூப் – வண்டிக்குள் 'புவி' எங்கே இருக்கிறது?

குழுவினருக்கு வணக்கம். வண்டிப் பாட்டு செட்டில் நெகடிவ் வயர்கள் இரண்டு இடத்தில் இணைந்து, மின்சாரம் சுற்றிவந்து சிணுங்கல் கிளப்பும் குறைதான் 'கிரவுண்ட் லூப்'. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த மடல் இது:

> கிரவுண்ட் என்றால் புவி, லூப் என்றால் வளையம். 'புவி வளையம்' என்றே வைத்துக்கொள்ளலாம். ஏன் இத்தனை மடல்கள்?

மதுரை நண்பரின் இந்தக் கேள்விக்கு என் வண்டியில் நடந்ததையே பதிலாகச் சொல்கிறேன்.

போன மழைக்காலத்துக்கு முன் என் ஜீப்பில் புது ஆம்ப்ளிஃபையர் மாட்டினேன். சமவெளியில் ஒரு கடையில் செய்த வேலை. அங்கிருந்து வத்தலக்குண்டு வரை ஒரு குறையும் இல்லை. மலை ஏறத் தொடங்கியதும் பாட்டுக்குப் பின்னால் மெல்லிய சிணுங்கல் கேட்டது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியருக்கு இறக்கி மிதித்தால் சிணுங்கலின் சுருதி மேலே போகும், காலை எடுத்தால் கீழே வரும். பெருமாள்மலை வருவதற்குள் கொடைக்கானல் பண்பலை 100.5-ஐ நிறுத்திவிட்டேன். பென் டிரைவில் போட்டாலும் அதே சிணுங்கல். அப்படியானால் ரேடியோ அலையிலோ ஆன்டெனாவிலோ குறை இல்லை. (பள்ளத்தாக்கு ஓரம் பண்பலை கரகரப்பது வேறு சங்கதி. தாண்டிக்குடி நண்பர் அதையும் இதையும் ஒரே சொல்லில் அடக்கப் பார்க்கிறார், வேண்டாம்.)

எஞ்சினை அணைத்துவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டினேன், சத்தம் இல்லை. எஞ்சின் ஓடும்போது வால்யூமை முழுக்கக் குறைத்தேன், பாட்டு போய்விட்டது, சிணுங்கல் மட்டும் அதே அளவில் நின்றது. அதாவது குறை, வால்யூம் திருகைத் தாண்டி, பாட்டு செட்டுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் எங்கோ நுழைகிறது. இரண்டையும் இணைக்கும் ஆர்சிஏ வயரை ஆம்ப்ளிஃபையர் பக்கம் உருவினேன். மயான அமைதி.

பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தால், ஆம்ப்ளிஃபையரின் கறுப்பு வயரை (வண்டியின் தகர உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் நெகடிவ் வயர்) சீட் போல்ட்டோடு சேர்த்து முறுக்கியிருந்தார்கள். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது, மூடுபனி ஈரத்தில் ஓரமெல்லாம் செந்துரு. எஞ்சினை ஓடவிட்டு, அந்த முனைக்கும் பேட்டரியின் நெகடிவுக்கும் நடுவே மீட்டர் வைத்தேன்: 0.4 வோல்ட். செட்டின் கறுப்பு வயரோ டேஷ்போர்டுக்குப் பின்னால் நல்ல இடத்தில் இருந்தது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து திரும்பிப் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு, துருவேறிய போல்ட்டை விட்டுவிட்டு, ஆர்சிஏ வயரின் வெளிப்பின்னல் வழியாகச் செட்டுக்குப் போய் அங்கிருந்து இறங்கியிருக்கிறது. டைனமோ என்று நாம் சொல்லும் ஆல்டர்னேட்டர் தருவது சுத்தமான நேர்மின்சாரம் அல்ல. டயோடுகள் நேராக்கிய பிறகும் சிற்றலை மிஞ்சும், எஞ்சின் வேகத்தோடு அதன் துடிப்பும் கூடும். அந்தச் சிற்றலையைத்தான் வளைவுக்கு வளைவு கேட்டுக்கொண்டு வந்தேன்.

பேட்டரியின் நெகடிவைக் கழற்றிவிட்டு, பெயின்டைப் பளபளக்கும் தகரம் தெரியும் வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு, தடித்த குட்டை வயரால் முறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். சிணுங்கல் நின்றது. இன்றுவரை வரவில்லை.

இதில் புவி எங்கே வந்தது? நான்கு டயரும் ரப்பர். மின்சாரம் மண்ணைத் தொடவே இல்லை. மெக்கானிக்குகள் 'பாடி எர்த்' என்கிறார்கள் என்பது உண்மைதான், அதில் வேலை செய்யும் சொல் 'பாடி'தான். வீட்டு மின்சாரத்தில் நிலத்தொடுப்பு (எர்த்திங்) உயிர்காக்கும் ஏற்பாடு, அங்கே 'புவி' சரி. அதே சொல்லை வண்டிக்கும் கொடுத்தால், வயரைத் தரைவரை இழுத்துவிட வேண்டுமோ என்று படிக்கிற பையன் குழம்புவான்.

அதனால்தான் போன வாரம் 'கூண்டுக் கண்ணி' என்று முன்வைத்தேன். பஸ்ஸுக்கும் லாரிக்கும் கூண்டு கட்டுவது என்று நாமே சொல்கிறோம் இல்லையா. அதற்குத் தூத்துக்குடி நண்பர் எழுதியது:

> ஃபைபர் படகில் கூண்டு என்று உலோகம் ஏது? எல்லா நெகடிவ் வயரையும் ஒரே செம்புப் பட்டைக்குக் கொண்டுவந்து கட்டுகிறோம். இரண்டு இடத்தில் கட்டிவிட்டால் அங்கேயும் இதே சத்தம் வரும்.

நியாயமான மறுப்பு. என் சொல்லின் முன்பாதியைத் திரும்பப் பெறுகிறேன். தகரமோ செம்புப் பட்டையோ, இரண்டுக்கும் பொது, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி. ஆகவே 'மீள்வழிக் கண்ணி'.

'கண்ணி'யை மட்டும் விட்டுத்தர மாட்டேன். வளையம் என்றால் ஒரு வடிவம், அவ்வளவுதான். கண்ணி என்றால் வடிவமும் உண்டு, எதுவோ வந்து மாட்டிக்கொண்டது என்ற செய்தியும் உண்டு. ஒரு முடிச்சை அவிழ்த்தால் கண்ணி இல்லை. ஆர்சிஏ வயரை உருவியதும் சத்தம் நின்றதும் அதனால்தான். கண்ணிவெடி ஞாபகம் வருகிறது என்றார் ஒருவர். பூமாலையிலும் சங்கிலியிலும் கண்ணி இருக்கிறதே. கொண்டை ஊசி வளைவு என்ற சொல் எங்கள் மலைப்பாதையில் ஓட்டுநர் வாயில் உட்கார்ந்ததற்குக் காரணம், கேட்டவுடன் வளைவு கண்ணில் தெரிகிறது. அந்தத் தெளிவு இங்கேயும் வேண்டும்.

நேற்று பண்ணைக்காட்டில் எனக்குத் தெரிந்த ஒரு எலெக்ட்ரீஷியன் வேனுக்கு அடியில் படுத்திருந்தார். இதே சிணுங்கல், வேறு வண்டி. "அண்ணே, இதுக்கு மீள்வழிக் கண்ணின்னு பேர் வைக்கலாமான்னு பேசிட்டு இருக்கோம்" என்றேன். தலையை மட்டும் வெளியே நீட்டி, "கண்ணியா? அப்ப ரெண்டு எடத்துல முடிச்சு இருக்கணுமே" என்று சொல்லிவிட்டு இரண்டாவது போல்ட்டைத் தேட ஆரம்பித்தார்.