ரங்கூன் பேரேட்டை ஏஐயிடம் காட்டினேன், பாட்டையாவுக்கு ஒரு மகள் பிறந்துவிட்டாள்

வளவுப்பையன்:

வணக்கம். பழைய வட்டிக்கடைக் கணக்கு வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? கொஞ்சம் அவசரம். அப்பத்தா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை.

செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஊர். பொங்கலுக்கு எல்லாப் புள்ளிகளும் (பங்காளிக் குடும்பங்களும்) வளவில், அதாவது பொது வீட்டில், கூடியபோது, எத்தனையோ வருஷமாகச் சாவி தொலைந்து கிடந்த பெட்டகத்தை ஆசாரியைக் கூப்பிட்டுத் திறந்தோம். வெள்ளிச் சாமான் இருக்கும் என்று சித்தப்பா கணக்குப் போட்டிருந்தார். இருந்தது துணி அட்டை போட்ட நாலு பேரேடு, அப்புறம் ஒரு குடைக்கம்பி. என் ஐயாவின் அப்பச்சி (தாத்தாவின் அப்பா), அதாவது பாட்டையா, ரங்கூனில் லேவாதேவிக் கடை வைத்திருந்தவர். அவர் எழுத்துத்தான். பக்கம் பக்கமாகத் தேடினாலும் ஒரு மெய்யெழுத்துக்குக்கூடப் புள்ளி இல்லை, நம்பர் எல்லாம் எழுத்து மாதிரி இருக்கிறது, எழுத்தெல்லாம் நம்பர் மாதிரி இருக்கிறது.

நான் சென்னையில் ஐடி வேலை, மாதம் பணம் கட்டி ஒரு ஏஐ செயலி வைத்திருக்கிறேன். ஆறு பக்கத்தைப் போனில் படம் எடுத்துப் போட்டேன். அரை நிமிஷத்தில் அழகாக அட்டவணை போட்டு, கீழே சுருக்கமும் தந்தது. அந்தச் சுருக்கத்தில்தான் வினை. பாட்டையா ரங்கூனில் தன் மகளுக்கு மாதந்தோறும் பணம் ஒதுக்கி வந்தாராம், அதிலிருந்து அவருடைய பாசம் தெரிகிறதாம். பாட்டையாவுக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள்!

என் தப்பு, யோசிக்காமல் அதை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். பத்து நிமிஷத்தில் கோலாலம்பூர் அத்தை "பர்மாக்காரியா?" என்று கேட்டு, கூடவே அழுகிற பொம்மை மூன்று போட்டார். யாரோ அப்பத்தாவிடம் படித்துக் காட்ட, "எங்க மாமனார் விபூதி பூசாம பச்சத்தண்ணி குடிக்க மாட்டாக, அவுகளப் போயி" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை.

இப்போது அட்டவணையை உட்கார்ந்து பார்த்தால் வேறு கோளாறும் தெரிகிறது. எல்லாப் பக்கமும் "2" என்றுதான் ஆரம்பிக்கிறது. ஒரே ஆள் பெயர் வரவேண்டிய இடத்தில் "8.5" என்று இருக்கிறது. வருஷம் 2001 என்கிறது, பாட்டையா போனது 1968-ல்.

அந்த "மகள்" வரியை மட்டும் பெரிதாக்கிப் படம் போட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை ம, க, அப்புறம் ஒரு கொம்பு, அப்புறம் மை ஊறிப்போன ஓர் எழுத்து. அது மகள்தானா?

செம்மண்:

2001-ல் ரங்கூனில் வட்டிக்கடை நடத்தியிருந்தால் உங்கள் பாட்டையாவைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும், மகளை அப்புறம் பார்க்கலாம். சிரிக்கிறேன் என்று கோபப்படாதீர்கள். என் மாமனார் எழுதிய பலசரக்குச் சீட்டைப் படம் எடுத்துப் போட்டதற்கு எனக்கு ஒரு கவிதை வந்தது.

பெட்டியடி:

தம்பி, முதலில் அப்பத்தாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். அது மகள் இல்லை, மகமை.

எனக்கு 74 வயது. என் அப்பச்சி பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாக (கடை எடுபிடியாக) கப்பல் ஏறி, கடையை நடத்துகிற மேலாள் வரைக்கும் வந்தவர். ஊரில் வந்து உட்கார்ந்த பிறகும் பால் கணக்கைக்கூடத் தமிழ் எண்ணில்தான் எழுதுவார், அதனால் எனக்கும் கை வந்தது. உங்கள் படத்தை நாலு தரம் பார்த்துவிட்டேன்.

பக்கத் தலைப்பில் இருக்கும் "2" பிள்ளையார் சுழி. உ என்கிற எழுத்தும் ௨ என்கிற எண்ணும் கையெழுத்தில் ஒன்றேதான், அது பாவம் சுழியைக் கூட்டலில் சேர்த்துக்கொண்டது. அந்த "8.5" ஒரு விலாசம், அதாவது பெயர்ச் சுருக்கம். அ.ரு. என்று முதலெழுத்து போட்டிருக்கிறார்கள், ௮ பார்க்க அ மாதிரி இருக்கும், ௫ பார்க்க ரு மாதிரி இருக்கும், எட்டரை ஆகிவிட்டது. வருஷம் "விசு". அறுபது வருஷத்துக்கு ஒரு தரம் சுற்றி வருகிற பெயர் அது, 2001 ஏப்ரலிலும் வந்தது, அதற்கு முன் 1941 ஏப்ரலில் வந்தது. உங்களுடையது 1941. விசு என்பதற்குப் பின்னால் சுழித்த மாதிரி ஒன்று இருக்கிறதே, ௵, அது வருஷத்துக்கான குறி. மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. மேற்படிக் குறியை ஒரு பக்கத்தில் இருபது தரமாவது பார்ப்பீர்கள்.

தொகை வாசிக்கும்போது கவனம். பழைய முறையில் சைபர் எழுத மாட்டார்கள், பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனி எழுத்துப் போடுவார்கள். இருநூற்று ஐந்து என்றால் ௨௱௫. நடுவில் இருக்கிற ௱-ஐ விட்டுவிட்டால் இருபத்தைந்து. ரூபாய்க்குக் கீழே கால், அரைக்கால், மாகாணி வரும். ரூபாய்க்குப் பதினாறு அணா, பதினாறில் ஒரு பங்கு மாகாணி, அதனால் மாகாணி என்றாலே ஓரணா, அரைக்கால் இரண்டணா. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து இந்தச் சௌகரியத்தைக் கெடுத்தது, என் அப்பச்சி கடைசிவரை அதை மன்னிக்கவில்லை.

இப்போது மகமைக்கு வருகிறேன். கொம்பு இருப்பதால் மகளை என்று படிக்கத் தோன்றும், ஆனால் மகளை என்று எழுதியிருந்தால் அந்தக் காலத்து ளை-க்குத் தனிக் கொம்புக்குப் பதிலாக எழுத்தோடு ஒட்டின வளைவு, யானைத் தும்பிக்கை, இருக்கும். ணை, லை, ளை, னை நாலுக்கும் அப்படித்தான், 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில்தான் தும்பிக்கையை எடுத்தார்கள். உங்கள் படத்தில் தும்பிக்கை இல்லை, தனியாக ஐகாரக் கொம்பு நிற்கிறது. அப்படியானால் மை ஊறின எழுத்து ள-வாக இருக்கவே முடியாது. ம, க, மை. லாபத்தில் கோவிலுக்கும் தர்மத்துக்கும் எடுத்து வைக்கிற காசு. மகமை எழுதாத நகரத்தார் பேரேட்டை நான் பார்த்ததில்லை.

மூன்றுபைட்:

பெட்டியடி சாருக்கு ஒரு பெரிய கும்பிடு. ஏஐ ஏன் இப்படிச் செய்தது என்று என் பங்குக்குச் சொல்கிறேன், நான் அந்தத் துறையில்தான் குப்பை கொட்டுகிறேன்.

அது நம்மை மாதிரி எழுத்துக்கூட்டி வாசிப்பதில்லை. மங்கலாக ஒன்றைப் பார்க்கும், இந்த இடத்தில் எது வந்தால் பொருத்தமாக இருக்கும் என்று, தான் படித்துத் தீர்த்த கோடிக்கணக்கான வரிகளை வைத்து ஊகிக்கும். "மகளுக்குப் பணம்" என்பது இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. மகமை எங்கே கிடக்கிறது? அதனால் மகள். மகள் வந்த பிறகு பாசம் தானாக வந்துவிடும், அதுவும் ஊகம்தான். "இது எனக்குத் தெரியவில்லை" என்று தானாகச் சொல்கிற பழக்கம் அதற்கு ரொம்பக் குறைவு.

இன்னொன்று, சார் சொன்ன ௳ ௴ ௵ குறிகள் யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளுக்கான பொதுப் பட்டியலில், சேர்ந்ததே 2003-ல். மாகாணி, அரைக்கால் மாதிரிப் பின்னங்களுக்கு 2019-ல்தான் இடம் கிடைத்தது, அப்போது 51 குறிகள் ஒரே மூச்சில் வந்தன. இன்றைக்கும் நிறையப் போனில் அவை வெறும் கட்டமாகத்தான் தெரியும். தட்டச்சே செய்யாத எழுத்தை இயந்திரம் எங்கே போய்ப் படித்திருக்கும்?

அடுத்த தரம் சுருக்கம் கேட்காதீர்கள். ஒவ்வொரு எழுத்தாக எடுத்து எழுது, சந்தேகமான இடத்தில் கேள்விக்குறி போடு என்று சொல்லுங்கள். அதே பக்கத்தைப் புது உரையாடலில் இன்னொரு தரம் கொடுங்கள். இரண்டும் எங்கே மாறுகிறதோ அங்கே மட்டும் உங்கள் கண்ணை வையுங்கள். ஆனால் இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி என்று அர்த்தமில்லை, பிள்ளையார் சுழியை அது பத்துத் தரம் கேட்டாலும் 2 என்றே சொல்லலாம்.

கண்டனூர்ப் பேத்தி:

எல்லாரும் எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு வயிற்றைக் கலக்குவது வேறு. தம்பி, அந்தப் பேரேட்டில் உங்கள் பாட்டையா மட்டுமா இருக்கிறார்? யார் எவ்வளவு வாங்கினார், எந்த நகையை வைத்தார், யார் தவணை தவறினார், எல்லாம் இருக்கும். அவர்கள் பேரன் பேத்திகள் இன்னும் நம் ஊரிலேயே எதிர்த்த வீட்டில் இருப்பார்கள். அதைப் படம் எடுத்து எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் இங்கேயும் போட்டிருக்கிறீர்கள். நல்ல வேளை இங்கே போட்டது ஒரு வரி. வளவு எல்லாப் புள்ளிக்கும் பொது என்றால் பெட்டகத்துக்குள் இருக்கிறதும் பொது, பங்காளிகளைக் கேட்டீர்களா?

எங்கள் வீட்டில் இதற்கு நேர் எதிர்ப் பாவம் நடந்தது. பாகம் பிரிக்கும்போது தூணும் எனாமல் சட்டியும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின, பேரேடுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு மனிதராக நின்று பழைய புத்தகம், கல்யாண அழைப்பு, துண்டு நோட்டீஸ் என்று எல்லாவற்றையும் சேர்த்தார். அவர் காலத்துக்குப் பிறகு 1994-ல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமே ஆயிற்று. நாங்கள் எடைக்குப் போட்டு வாங்கின பணத்தில் அன்றைக்கு எல்லாரும் காப்பி குடித்தோம்.

வளவுப்பையன்:

ஆச்சி, நீங்கள் சொன்னது உறைத்தது. செயலியில் போட்ட படங்களை அழித்துவிட்டேன், அங்கே உண்மையிலேயே அழிந்ததா என்று கேட்காதீர்கள். சித்தப்பாவிடமும் மற்ற இரண்டு புள்ளிகளிடமும் பேசினேன். இனிமேல் பெயர் இருக்கிற பக்கம் எதுவும் வெளியே போகாது.

பெட்டியடி சார், மகமைதான். நீங்கள் எழுதியதை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க எண்களை மட்டும் கையால் எழுதி எடுத்தேன். வட்டி வரவு ஏறின மாதம் அந்தத் தொகையும் ஏறுகிறது, வரவு படுத்த மாதம் அதுவும் படுக்கிறது. பெண்ணுக்கு அனுப்புகிற பணம் அப்படியா ஏறி இறங்கும். கூட்டலை மட்டும் ஏஐயிடம் கொடுத்தேன், அதையும் கால்குலேட்டரில் சரிபார்த்தேன், சூடுபட்ட பூனை.

அப்பத்தாவிடம் போய் உட்கார்ந்து பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மகமையா, இத வாசிக்கவா உனக்கு மிசினு" என்றது. அவ்வளவுதான், சமாதானம். அப்பத்தாவுக்கும் எண்கள் பாதிக்கு மேல் வாசிக்க வருகிறது, இத்தனை வருஷமும் ஒரே வீட்டில் இருந்தும் எங்கள் யாருக்கும் அது தெரியாது.

ஒரு சந்தேகம் பாக்கி. விசு மார்கழி முதல் வாரத்தோடு எழுத்து நிற்கிறது, பாதிப் பக்கம். கடைசி வரியும் மகமைதான், ஒன்றேகால் ரூபாய், கீழே கோடு இழுத்திருக்கிறது, கூட்டுத்தொகை போடவில்லை. அதற்குப் பின்னால் எல்லாம் வெறும் தாள்.

கோலாலம்பூர் அத்தை மட்டும் இன்னும் நம்பவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்கிறார்.

பெட்டியடி:

1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். மார்கழி எட்டோ ஒன்பதோ இருக்கும். 1942 மார்ச் 8-ல் ஊரே அவன் கைக்குப் போய்விட்டது.

கடைசிப் பக்கத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள், பெயரை மறைத்துவிட்டு. பிளாஷ் போடாதீர்கள், காலையில் முகப்புத் திண்ணை வெளிச்சத்தில் எடுங்கள்.