ரிசீவர் ட்ரையருக்குத் தமிழ், வெள்ளிக்கிழமைக்குள்

யாழ்ப்பாணத்திலிருந்து:

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் தொழிற்பயிற்சி வகுப்புக்கு ஒரு டொல்பின் வேன் கிடைத்திருக்கிறது. 1991ஆம் ஆண்டு டொயோட்டா ஹைஏஸ். முன்னும் பின்னும் ஏசி உண்டு. இரண்டும் ஊதும், குளிராது. பழைய வண்டிகளைக் கழற்றி விற்கும் இடங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பிச் சாமான் தேட வைத்திருக்கிறேன். கையேட்டில் கொம்பிரசருக்கு அமுக்கி, கொண்டென்சருக்கு ஒடுக்கி என்று எழுதிவிட்டேன். ஏசி வாயுவின் ஈரத்தை உறிஞ்சும் சிறு குடுவையான ரிசீவர் ட்ரையருக்குச் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

போன கிழமை ஒரு பையன் அதையும் மலிவாக வாங்கி வந்தான். இரண்டு வாயும் திறந்திருந்தன. ஒன்றுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கொம்பிரசரைக் கையால் சுற்றிப் பார்த்துப் பழையதாக வாங்கலாம். இதை வாங்கக் கூடாது. உள்ளே இருக்கும் குருணை ஊர் ஈரத்தையெல்லாம் குடித்து முடித்திருக்கும். பிறகு ஏசித் தொகுதிக்குள் வரும் ஈரம் அங்கேயே சுற்றும், திரவம் விரிந்து குளிரும் விரிவு வால்வின் துளையில் பனியாக அடைக்கும், அமிலமாகி உலோகத்தை அரிக்கும். இது பெயரிலேயே விளங்க வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சு.

கோவையிலிருந்து:

சொல்லுக்குச் சொல் போட்டால் 'ஏற்பி உலர்த்தி'. வேண்டாம், ஏற்பியை உயிரியல்காரர்கள் எடுத்துக்கொண்டு பல காலம் ஆகிறது. இங்கே மெக்கானிக் வாயில் 'ட்ரையர் பாட்டில்'தான். அப்படியே போடலாமே?

இன்னொன்று. கண்டன்சர் என்றால் என் மாணவர்களுக்கு முதலில் ஃபேனுக்குள் இருக்கும் கெபாசிட்டர்தான் நினைவுக்கு வருகிறது. உங்கள் 'ஒடுக்கி' அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். ஆனால் எங்கள் பக்கம் ஒடுக்கி என்றால் யாரை ஒடுக்குவது என்று கேட்பார்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

பாட்டிலைப் பாட்டில் என்றே எழுத இந்தக் குழு எதற்கு? வற்று, வறு, வறள், வறட்சி, எல்லாம் ஒரே வேர். வறளச் செய்வது வறட்டுதல். செய்யும் கருவி 'வறட்டி'. நான்கெழுத்து, முழுத்தமிழ். வறுமையும் இந்த வேரே என்பது என் கருத்து. பொருள் வற்றிய நிலை வறுமை. இதை விரித்து எழுதலாம்.

மதுரையிலிருந்து:

விரிக்க வேண்டாம் ஐயா. 'வேனுக்குப் புது வறட்டி வாங்கி வா' என்றால் எங்கள் ஊர்ப் பையன் மாட்டுத் தொழுவத்துக்குப் போவான்.

தஞ்சாவூரிலிருந்து:

சாணத்தை வறட்டியதால்தான் அது வறட்டி. ஆக வழக்கும் என் பக்கமே.

கோவையிலிருந்து:

சரி, பாட்டிலை விட்டுவிடுகிறேன். 'உலர்கலன்' எப்படி?

தஞ்சாவூரிலிருந்து:

பிழை. உலர் தன்வினை. உலர்கலன் வினைத்தொகையானால் தானே உலர்கின்ற கலன். இது பிறவற்றை உலர்த்துவது. 'உலர்த்துகலன்' என்றாவது சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து:

உறைவிடத்தில் இடமா உறைகிறது ஐயா? ஆள்தானே? அதுபோல, வாயு உலரும் கலன் உலர்கலன். வினைத்தொகைக்கு இவ்வளவு நெகிழ்ச்சி உண்டு.

என் கவலை வேறு. ஒடுக்கியில் நீர்மமான வாயு விரிவு வால்வுக்குப் போகுமுன் இதில் தங்கிப் போகிறது. தேக்குவதும் இதன் வேலைதானே? உலர்கலனில் அது இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தேக்குவதைப் படத்தில் காட்டிவிடுகிறேன் அக்கா, 'கலன்' என்பதே பாதி சொல்லிவிடுகிறது. பையன் ஏமாறுவது உலர்த்துவதில்தான். வண்டி ஆர்-12 என்ற பழைய ஏசி வாயுவின் காலத்தது. ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987 மொன்றியல் உடன்பாட்டுக்குப் பிறகு அந்த வாயு படிப்படியாக நிறுத்தப்பட்டதால் ஆர்-134ஏ-க்கு மாற்றுகிறோம். கொம்பிரசரின் பழைய கனிம எண்ணெய் இதோடு கலக்காது, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும். பழைய எக்ஸ்எச்-5 வகைக் குருணையும் ஒத்துவராது. எக்ஸ்எச்-7 அல்லது எக்ஸ்எச்-9 உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். அந்தக் குருணைக்கு 'உலர்குருணை' என்று எழுதினால் இரண்டும் சோடியாக நிற்கும். முதல் இடத்தில் மட்டும் 'உலர்கலன், அதாவது ட்ரையர்' என்று போடுகிறேன். கடையில் அவன் கேட்க வேண்டியது அந்தச் சொல்லைத்தானே.

தஞ்சாவூரிலிருந்து:

'ட்ரையர்' மெய்யெழுத்தில் தொடங்குகிறது. டகரமும் மொழிக்கு முதலில் வராது. 'இடிரையர்' என்று எழுதுக. 'திரையர்' என்றால் தொண்டை நாட்டுத் திரையர் வந்து வேனில் ஏறிக்கொள்வார்கள்.

கோவையிலிருந்து:

இடிரையர் என்றால் இடி விழுந்தது போலிருக்கிறது. நான் உலர்கலனுக்குக் கை தூக்கிவிட்டேன், தூங்கப் போகிறேன்.

மதுரையிலிருந்து:

நானும் உலர்கலன். அரை மனதோடு.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். ஒடுக்கியும் அப்படியே போயிற்று. எல்லோருக்கும் நன்றி. அப்புறம், பின் ஏசியின் கூலிங் கொயில் இன்னும் கிடைக்கவில்லை; யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

எனக்கு உடன்பாடில்லை என்பது பதிவில் இருக்கட்டும். அடுத்த பதிப்பு எப்போது?