ரெட்டிகுலேஷன்: ‘பூச்சுத் திரைவு’ சரிதானா?

பாளையங்கோட்டை:

அன்பர்களே, பிலிம் கழுவும் மாணவர்களுக்கான இருட்டறைக் கையேட்டில் உருத்துலக்கி (டெவலப்பர்), நிறுத்தக் கரைசல் (ஸ்டாப் பாத்), நிலைநிறுத்தி (ஃபிக்சர்) மூன்றும் முடிவாகிவிட்டன. பிலிம் பூச்சு சுருக்கம் விழுந்துபோகும் ரெட்டிகுலேஷன்தான் பாக்கி. அகராதி வழியே போனால் ‘வலையுருவாக்கம்’. அதைப் படிக்கிற பையன் அது வேண்டிச் செய்கிற வேலை என்று நினைப்பான். நடப்பது பழுது. வெதுவெதுப்பான காரக் கரைசலில் ஊதிய ஜெலட்டின் பூச்சு, திடீரென வெப்பம் மாறினால் சீராகச் சுருங்காமல் மடிகிறது. வெள்ளித் துகள்களும் அந்த மடிப்புகளில் ஒதுங்குகின்றன. எமல்ஷனைப் பால்மம் என்கிறோம், அதனால் ‘பால்மத் திரைவு’ என்று வைக்கலாமா? நரை, திரை என்கிறோமே, அந்தத் திரை, சுருக்கம்.

கல்லிடைக்குறிச்சி:

திரைவு நல்ல சொல் அண்ணாச்சி, ‘பால்மம்’ வேண்டாம். நம்ம ஊரில் ‘பால் திரைஞ்சு போச்சு’ என்றால் திரிந்து கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். பால்மத்தோடு சேர்த்தால் எமல்ஷன் திரிந்துபோனது என்றே படும். இங்கே திரைவது பிலிம் மேல் காய்ந்து ஒட்டியிருக்கும் பூச்சு. ‘பூச்சுத் திரைவு’ என்போம். ‘பூச்சு திரைந்துவிட்டது’ என்று வினையாகவும் வரும்.

விளக்கத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். பரல் (கிரெயின்) பெரிதாகத் தெரிந்தாலே திரைவு என்று முடிவுகட்டுகிறார்கள். காய்ந்த நெகட்டிவின் மங்கல் பக்கத்தை விளக்குக்குச் சாய்த்து லூப் என்கிற உருப்பெருக்கியில் பார்க்கணும். மேடுபள்ளம் தெரிந்தால்தான் திரைவு. இல்லையென்றால் அது சூடான உருத்துலக்கியிலோ அதிக நேரத்திலோ வந்த பரல். திரைந்ததை மீட்க வழியில்லை.

தென்காசி:

சொல்லுக்கு என் ஒப்புதல். ஆனால் ‘வெப்பம் மாறினால்’ என்பது போதாது. எங்கே மாறுகிறது என்று எழுதுங்கள். மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும். ஐஸ் வைத்து உருத்துலக்கியை 20-க்கு இறக்கிவிட்டு, கடைசியில் பிலிமை நேரே குழாயடியில் பிடிக்கிறார்கள். இது ஒரு இடம்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. நிலைநிறுத்திக்கான ஹைப்போ உப்பு கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும். லிட்டருக்கு 250 கிராம் படிகம் போட்டால் தண்ணீர் ஏறக்குறைய பத்து டிகிரி இறங்கிவிடும். கலக்கிய கையோடு ஊற்றினால், 28 டிகிரி உருத்துலக்கியிலிருந்து 20-க்கும் கீழே பிலிம் குதிக்கிறது. முந்தின நாள் மாலையே கலக்கி வைக்கணும்.

இந்த வெயிலில் 20-ஐத் துரத்துவதே வீண் என்பது என் எண்ணம். எல்லாப் புட்டிகளையும் ஒரே டப்பில் தண்ணீரில் நிறுத்தி, 24-இல் நிலைப்படுத்தினால் போதும். டி-76 உருத்துலக்கியை அப்படியே ஊற்றாமல் சரிபாதி தண்ணீர் சேர்க்கணும். எச்.பி.5 பிளஸ் பிலிமுக்கு 20-இல் 11 நிமிடம் என்பது 24-இல் ஏறக்குறைய 8 ஆகும். தண்ணீர் சேர்க்காத டி-76 என்றால் ஐந்தரைக்கு வந்துவிடும். ஐந்துக்குக் கீழே போனால் ஊற்றி வடிக்கிற நேரமே கணக்கில் பெரிதாகி, படத்தில் வானம் திட்டுத்திட்டாக விழும்.

பாளையங்கோட்டை:

சரி, ‘பூச்சுத் திரைவு’ என்றே போடுகிறேன். அலசுவதற்கு ஓடும் தண்ணீர் தேவையில்லை என்பதையும் சேர்க்கிறேன். பிலிம் டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்து வடி, புதுத் தண்ணீரில் 10 முறை, மறுபடி 20 முறை. கெட்டிப்படுத்தி (ஹார்டனர்) சேர்க்காத நிலைநிறுத்திக்கு இது போதும். மூன்று டேங்க் தண்ணீரை 24-இல் வைப்பது எளிது, மண்பானையிலிருந்தே தொடங்கலாம்.

கல்லிடைக்குறிச்சி:

கிணற்று உப்புத் தண்ணீர் என்றால் கடைசி அலசல் மட்டும் வாலைநீரில் (டிஸ்டில்டு வாட்டர்), ஈரமாக்கி (வெட்டிங் ஏஜென்ட்) இரண்டொரு சொட்டு விட்டு. உப்புக்கறை திரைவு ஆகாது. அது துடைத்தால் போகும்.

தென்காசி:

வெப்பம் இறங்கவே இறங்காத அறைக்கு, உருத்துலக்கியில் சோடியம் சல்பேட் சேர்க்கும் பழைய முறை உண்டு, ஜெலட்டின் ஊதுவது குறையும். நேரம் கொஞ்சம் கூடும். அச்சில் அது ‘சல்பைட்’ என்று மாறிவிடாமல் பாருங்கள் அண்ணாச்சி. சல்பைட் ஏற்கெனவே டி-76-இல் லிட்டருக்கு 100 கிராம் இருக்கிறது.