300 பேர் இருக்கற ஹட்டிக்கு ஊத்துத் தண்ணித் திட்டம்: மானியத்தை நம்பி இறங்கலாமா?

ஹட்டிவாசி:
வணக்கங்க. கோத்தகிரிக்கு மேல எங்க ஹட்டி, அதாவது படுகர் ஊரு, சுமார் 300 பேர் இருப்போம். சோலை ஓரத்துல ஒரு ஊத்து, கோடையிலயும் வத்தாது, அதுல இருந்து ஆளாளுக்கு ஓஸ் போட்டு இழுத்துட்டு வர்றோம், காட்டெருமை மிதிச்சுதுன்னா அன்னிக்குத் தண்ணி கிடையாது. இப்ப ஊத்துகிட்ட மூடுன தொட்டி கட்டி வீட்டுக்கு வீடு குழாய் தர்றதுக்கு மானியம் கேட்டு எழுதலாம்னு பஞ்சாயத்துல சொல்றாங்க. ஊர்ப் பங்கு கட்டணும், அப்புறம் பராமரிப்பு நம்ம பொறுப்பு. பாதிப் பேர் வாங்கிடலாம்ங்கறாங்க, பாதிப் பேர் கூட்டுக் குடிநீர் வர்ற வரைக்கும் பொறுக்கலாம்ங்கறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குன்னூர் பைப்காரர்:
தம்பி, தாராளமா வாங்குங்க. கூட்டுக் குடிநீர்னா மோட்டார் வச்சு மேல ஏத்தணும், கரண்ட் போனா தண்ணி போச்சு, கடைசி ஊருக்கு வர்றப்ப குழாய்ல காத்துதான் வரும். ஊத்துத் தண்ணி தானா இறங்கி வரும். எஸ்டிமேட் போடறவர்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க, நடுவுல பிரஷரை உடைக்கற தொட்டி இருக்கான்னு. 10 மீட்டர் இறக்கத்துக்கு ஒரு கிலோ பிரஷர் ஏறும், ஊத்து 100 மீட்டர் மேல இருந்தா கீழ பத்து கிலோ நிக்கும், அதுக்கு ஆறு கிலோ பைப்பைப் போட்டா ராத்திரி எல்லாரும் குழாயை மூடினதும் ஜாயின்ட் பிச்சுக்கும். மாசக் கட்டணத்தை முதல் மாசத்துல இருந்தே வாங்குங்க. மானியம் கட்டித் தர்றதுக்குத்தான், வால்வு மாத்தறதுக்கு யாரும் வர மாட்டாங்க.

மஞ்சூர்க்காரி:
எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்கண்ணா. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கற விலையை வச்சு குடும்பம் ஓட்டறவங்க எதுக்கு பங்கு கட்டணும்? அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானின்னு அணை கட்டி எங்க குந்தா பக்கத்துத் தண்ணியில கரண்ட் எடுத்து, அப்புறம் அது பவானியில போய் சமவெளிக்கெல்லாம் பாயுது, இங்க ஊத்துல தொட்டி கட்டறதுக்கு ஊர்க்காரங்க காசு போடணுமாம். அதை விடுங்க, நீங்க எல்லாரும் வர்ற தண்ணியைப் பத்தியே பேசறீங்க. வீட்டுக்கு வீடு குழாய் வந்தா வெளிய போற தண்ணியும் கூடுமே, அது எங்க போகும்? உங்க ஹட்டிக்குக் கீழ இருக்கற ஹட்டியோட ஊத்துக்குத்தானே? தூய்மை பாரதம் இரண்டாம் கட்டத்துல கழிவுநீருக்கு 5,000 பேர் வரைக்கும் உள்ள ஊருக்கு தலைக்கு 280 ரூபாய், அதுக்கு மேல இருந்தா 660 ரூபாய்னு 2020ல விதி போட்டாங்க. உங்க ஊருக்கு 84,000 ரூபாய் வரும். சிமெண்ட்டு மூட்டையை தலைச்சுமையா இறக்கற இடத்துல அதை வச்சு என்ன கட்டுவீங்க? சின்ன ஊருக்குத்தான் தலைக்கு அதிகமா செலவாகும், விதி தலைகீழா இருக்கு.

பஞ்சாயத்து கிளார்க் (ஓய்வு):
அம்மா சொல்ற 280 கணக்கு சரிதான், ஆனா அதோட நிறுத்தக் கூடாது. குப்பைக்கும் கழிவுநீருக்கும் சேர்த்து ஒரு கிராமத்துக்குக் குறைஞ்சது ஒரு லட்சம்னு அதே விதியில இருக்கு, 100 நாள் வேலையையும் சேர்த்துக்கலாம்னு இருந்துது. 15வது நிதிக்குழு 2021ல இருந்து 2026 வரைக்கும் ஊராட்சிகளுக்குக் குடுத்த மானியத்துல 60 சதவீதத்தை தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவு பண்ணணும்னு கட்டிப் போட்டாங்க, அதுல பராமரிப்புக்கும் இடம் இருந்துது, அதனால வால்வு மாத்த யாரும் தர மாட்டாங்கன்னு பைப்காரர் சொல்றது முழுசா சரியில்ல. ஊர்ப் பங்கும் பெரிய பாரம் இல்லீங்க. ஜல் ஜீவன்ல, அதாவது வீட்டுக்கு வீடு குழாய் தர்ற மத்திய அரசுத் திட்டத்துல, ஊருக்குள்ள நடக்கற வேலைக்கு மத்த இடத்துல 10 சதவீதம்னா மலை, காட்டுப் பகுதிக்கு 5தான், கையில காசு இல்லாதவங்க வேலை செஞ்சும் கழிக்கலாம். காசு போட்ட ஊர்க்காரன்தான் காண்ட்ராக்டர் குழியை ஆழமாத் தோண்டினானான்னு போய்ப் பாப்பான், என் சர்வீஸ்ல கண்ட விஷயம் இது.

மஞ்சூர்க்காரி:
சார், அந்த ஒரு லட்சத்துல என்ன கட்டுவாங்கன்னும் சொல்லுங்க. உறிஞ்சுகுழி. சமவெளிக்குப் போட்ட அதே டிசைன். சரிவுல வீட்டுக்கு ஒரு குழி தோண்டி சோப்புத் தண்ணியை எல்லாம் மண்ணுக்குள்ள இறக்கினா மழைக்காலத்துல அந்த மண்ணு நிக்குமா? 2009 நவம்பர்ல கேத்தி, குன்னூர், கோத்தகிரி பக்கம் சரிஞ்சு 40 பேருக்கு மேல போய்ட்டாங்க. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. மேல் வீட்டுக் குழி கீழ் வீட்டுச் சுவத்துக்குப் பின்னாடி இருக்கு, மழை வந்தா அந்தச் சுவத்துல தண்ணி கசியறதை எங்க ஊருக்கு வந்தா கையை வச்சே பார்க்கலாம்.

கூடலூர் லைன் வீடு:
உங்களுக்காவது கேட்கறதுக்கு பஞ்சாயத்து இருக்கு. நாங்க எஸ்டேட் லைன்ல, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுல இருக்கோம். குடிதண்ணி எஸ்டேட் பொறுப்புன்னு பஞ்சாயத்துல சொல்வாங்க, எஸ்டேட்டுல கேட்டா பஞ்சாயத்துல கேளுங்கம்பாங்க. இன்னொரு பக்கம் ஜன்ம நிலச் சட்டத்துல பிரிவு 17ன்னு சொல்ற, உரிமை இன்னும் தீராத நிலம், பட்டா இல்ல, தொட்டி கட்ட எந்த இடத்தை எழுதிக் காட்டறது? மானியம்னு பேசறப்ப எங்க கணக்கையும் சேர்த்துப் பேசுங்க.

பெங்களூர்ல இருக்கும் படுகன்:
அமெரிக்காவுல 10,000 பேர் வரைக்கும் உள்ள ஊருக்கு தண்ணி, கழிவுநீர் ரெண்டுக்கும் ஒரே திட்டம். 40 வருஷம் வரைக்கும் கடன், ஊரோட வருமானம் குறைஞ்சா மானியம் கூடும், 75 சதவீதம் வரைக்கும் போகும். தலைக்கு இவ்வளவுன்னு வைக்காம வருமானத்தைப் பார்க்கறாங்க, இங்கயும் அதைக் கேட்கலாமே?

பஞ்சாயத்து கிளார்க் (ஓய்வு):
கடன்னா நம்ம ஊராட்சி தாங்காது தம்பி. ரெண்டையும் ஒரே திட்டமாப் பார்க்கறது வேணா நல்ல யோசனை.

குன்னூர் பைப்காரர்:
மஞ்சூர் தங்கச்சி உறிஞ்சுகுழியைப் பத்திச் சொன்னதை நான் மறுக்கலைங்க. சரிவுல அது ஆகாது. மூடுன சாக்கடையில இறக்கி, கீழ கொஞ்சம் சமமான இடத்துல அறை அறையா தடுப்பு வச்ச தொட்டி, அதுக்கப்புறம் ஜல்லி போட்டு கல்வாழை நட்ட படுகை, இப்படிப் பண்ணலாம், மோட்டாரே வேணாம். குளிர்ல அழுக்கு மட்கறது மெதுவாத்தான் நடக்கும், அதனால தொட்டியைக் கணக்குக்கு மேல பெருசாக் கட்டணும். இதுக்கு ஒரு லட்சம் பத்தாது, அது உண்மை. அதுக்காகக் குடிதண்ணித் தொட்டியை நிறுத்தி வைக்கச் சொன்னா ஒத்துக்க மாட்டேன். ஓஸ்ல வர்ற தண்ணியைக் குடிக்கற குழந்தைங்க இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்கும்?

மஞ்சூர்க்காரி:
நிறுத்தச் சொல்லலைங்கண்ணா. ஒரே மனுவுல ரெண்டையும் எழுதுங்கன்னுதான் சொல்றேன். தொட்டி வந்துட்டா கழிவுநீர்க் கூட்டத்துக்கு யாரும் வர மாட்டாங்க.

ஹட்டிவாசி:
எல்லாருக்கும் நன்றிங்க. மார்ச் 22 தண்ணீர் தின கிராம சபையில தீர்மானமா வைக்கறோம். ஊத்துத் தொட்டி, பிரஷர் தொட்டி, மாசக் கட்டணம், கணக்குப் பார்க்க பொம்பளைங்க பாதிப் பேர் இருக்கற தண்ணிக் குழு, இதெல்லாம் ஊர்ல பேசியாச்சு. உறிஞ்சுகுழி வேணாம், கல்வாழைப் படுகைதான் வேணும்னும் எழுதறோம். படுகைக்கு சமமான இடம் ஒருத்தரோட தேயிலைத் தோட்டத்துல இருக்கு, அவர் இன்னும் சம்மதிக்கலை.

மஞ்சூர்க்காரி:
அவர்கிட்ட முதல்ல பேசிட்டு சபைக்குப் போங்க. இடம் இல்லாம தீர்மானம் போனா ஆபீஸ்ல கழிவுநீர்ப் பக்கத்தை மட்டும் அடிச்சுட்டு அனுப்பிடுவாங்க.