கோல குபு பாரு: ஊர் இடம் மாறியது முதலைச் சாபத்தாலா?

செந்தூல்_வாசகி:
வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் பதினெட்டுப் பேர். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் கோல குபு பாருவுக்குப் போய் வரலாம் என்றிருக்கிறோம். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கிளம்புவதற்கு முன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது! 1883-ல் வந்த வெள்ளத்தால்தான் ஊரை மாற்றினார்கள் என்கிறார் ஒருவர், இல்லை 1926 என்கிறார் இன்னொருவர். வெள்ளை முதலையைத் துரை சுட்டதால் வந்த சாபம் என்று மூன்றாமவர். எது சரி? பத்தாங் காலி, புக்கிட் பெருந்தோங் பக்கமெல்லாம் இவ்வளவு வளர்ந்த பிறகும் உலு சிலாங்கூர் மாவட்டத்துக்கு இந்தச் சின்ன ஊர் ஏன் தலைமை ஊர்? கூடவே, வட்டத்தில் ஓர் ஐயாவிடம் அவர் தாத்தா காலத்து நில கிரான் (உரிமைப் பத்திரம்) நகல் இருக்கிறது. அதையும் அன்றைக்கே விசாரிக்க முடியுமா?

பழைய_சடக்கு:
அக்கா, இரண்டு வேறு சம்பவங்களை ஒரே கதையாகக் கட்டிவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் சண்டையே இல்லை.

கோல என்றால் ஆறு சேரும் இடம், குபு என்றால் அரண். பழைய கோல குபு இன்றைய ஊர் இருக்கும் இடத்தில் இல்லை, அம்பாங் பெச்சா பக்கம் இருந்தது. அந்தப் பெயரே சாட்சி: அம்பாங் என்றால் அணை, பெச்சா என்றால் உடைந்தது. 1883-ல் அந்த அணை உடைந்து ஊருக்குள் பாய்ந்தது. இறந்தவர்களில் மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் ஒருவர். உங்கள் மூன்றாமவர் சொல்லும் முதலைக் கதை இவரைச் சுற்றி வந்ததுதான். கதையாகக் கேட்க நன்றாயிருக்கும், காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏனென்றால் அணை உடைந்த பிறகும் ஊர் அங்கேயேதான் நாற்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. கடைகள் பெருகின, ரயிலும் வந்தது.

ஊரைக் கடைசியில் கிளப்பியது மணல். மேலே மலைப்பக்கம் ஈயலம்பங்களில் (ஈயம் தோண்டும் இடங்களில்) தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள். கனமான ஈயம் தங்கிவிடும், மிச்ச மணலும் சேறும் ஆற்றோடு போகும். மலையில் வேகமாக ஓடும் ஆறு சமவெளிக்கு வந்ததும் மெதுவாகும், சுமந்து வந்ததை அங்கேயே போட்டுவிடும். பழைய ஊர் இருந்தது சரியாக அந்த இடத்தில். வருஷா வருஷம் ஆற்றுப்படுகை மேடேறியது. படுகை ஊரின் சாக்கடை மட்டத்துக்கு ஏறிவிட்டால் சாதாரண மழைத் தண்ணீர்கூட ஆற்றில் இறங்காது, ஊருக்குள்ளேயே தேங்கும். கரையை உயர்த்தினால் படுகையும் கூடவே உயரும், அதனால் கரை கட்டியும் தீராது. நாடு முழுக்க அடித்த 1926 வெள்ளம் அந்த வாதத்தை முடித்து வைத்தது. 1930 வாக்கில் புது ஊர் மேட்டில் எழுந்தது. புதிது என்று பொருள்படும் ‘பாரு’ ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

ஆக 1883 அணை உடைந்த ஆண்டு, 1926 பொறுமை உடைந்த ஆண்டு. இரண்டு பேரையும் சமாதானப்படுத்திவிடலாம்.

ஊருக்குள் நின்று பார்க்க வேண்டியது பாடாங், அதாவது ஊர்த் திடல்தான். மலாயாவின் அரசாங்க நகரத் திட்டமிடுநராக 1921-ல் வந்த சார்ல்ஸ் ரீட் போட்ட பூங்கா நகரத் திட்டம் இது. கடைத்தெரு ஒரு கட்டாக, அலுவலகங்களும் குவாட்டர்ஸும் மேட்டில் இன்னொரு கட்டாக, நடுவே பச்சை வெளி. மற்ற ஈய ஊர்களில் கடைகள் சடக்கோரம் (சாலையோரம்) நீளமாக ஓடும், இங்கே அப்படி இல்லை. கடைவரிசையில் நின்று அலுவலக மேடான புக்கிட் கெராஜாஆன் பக்கம் பாருங்கள், திட்டம் முழுதும் கண்ணுக்குத் தெரியும். ஊர் சின்னதாகவே நின்றுவிட்டதற்கு இந்தத் திட்டம் ஒரு காரணம், வடக்கு தெற்கு நெடுஞ்சாலை மேற்கே விலகிப் போனது இன்னொன்று.

கிரான்_எண்:
நில விஷயம் மட்டும் சொல்கிறேன், இதில்தான் பலர் ஒரு நாளை வீணாக்குகிறார்கள்.

முதலில் நகலின் தலைப்பைப் பாருங்கள். பஜாக்கான் என்றால் குத்தகை, முக்கிம் என்றால் மாவட்டத்தின் உட்பிரிவு. ‘கிரான் முக்கிம்’, ‘பஜாக்கான் முக்கிம்’ என்றிருந்தால் பதிவு மாவட்ட நில அலுவலகத்தில், அதாவது கோல குபு பாருவில். வெறும் ‘கிரான்’, ‘பஜாக்கான் நெகிரி’ என்றிருந்தால் பதிவு ஷா ஆலாமில் மாநில நில அலுவலகத்தில். ‘முக்கிம்’ என்ற ஒரு சொல்தான் வித்தியாசம். அதைக் கவனிக்காமல் எழுபது கிலோமீட்டர் வந்து, பிறகு ஷா ஆலாமுக்குப் போகச் சொல்லிக் கேட்டு நிற்பவர்கள் உண்டு.

தேட மூன்று விவரம் வேண்டும்: கிரான் எண், லாட் (மனை) எண், முக்கிம் பெயர். தாத்தா பெயரை மட்டும் சொன்னால் கவுண்டரில் ஒன்றும் நடக்காது. பழைய கிரான் எண் மாற்றப்பட்டிருக்கலாம், லாட் பிரிக்கப்பட்டிருக்கலாம், அதனால் லாட் எண்ணை வைத்தே ஆரம்பியுங்கள். தனிப்பட்ட தேடல் கட்டணம் கட்டினால் இன்றைய உரிமையாளர் பெயர், அடமானம், தடை எல்லாம் வரும். நிலம் எப்போது கைமாறியது என்ற சரித்திரம் அதில் முழுதாக வராது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். தாத்தா பெயரிலேயே இன்னும் இருந்தால் அடுத்த வேலை வாரிசுரிமை விண்ணப்பம். அதற்கு மரணச் சான்றிதழ் இல்லாமல் ஓர் அடி நகராது.

வியாழன் நல்ல நாள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், தொழுகை நேர இடைவேளை நீளம்.

நில அலுவலகம், மாஜிஸ்திரேட் நீதிமன்றம், மருத்துவமனை எல்லாம் இங்கே இருப்பதால்தான் இது தலைமை ஊர். ஜனம் தெற்கே போய்விட்டது, கோப்புகள் போகவில்லை.

மேட்டுத்தோட்டம்:
தமிழர் பக்கத்தை யாரும் தொடவில்லையே. இந்த மாவட்டம் ஈயத்துக்குப் பிறகு ரப்பரால் நிலைத்து நின்றது, ரப்பர் என்றால் தோட்டத்துச் சனம். அவர்கள் வாக்கின் கனம் தேர்தலில் தெரியும். 2008 பொதுத்தேர்தலில் உலு சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் ம.இ.கா.வின் ஜி. பழனிவேல் தோற்றது 198 வாக்கில். 2010 இடைத்தேர்தலில் அதே கட்சியின் பி. கமலநாதன் 1,725 வாக்கில் அதே தொகுதியைப் பிடித்தார். 2024 மே மாதம் கோல குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தல் வந்தபோதும் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் தோட்டங்களின் வீட்டுப் பிரச்சினைதான் மேடைக்கு மேடை. ஊரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்தது.

போக்குவரத்து: கொம்யூட்டர் ரயிலில் வந்தால் தஞ்சோங் மாலிம் போகும் வண்டியில் ஏறுங்கள், திரும்பும் வண்டி நேரத்தை முதலிலேயே எழுதி வையுங்கள். நிலையத்தின் பழைய பெயர் ‘கோல குபு ரோடு’. ஊருக்குப் போகும் சடக்கில் இருக்கிறது என்று பொருள், ஊரில் இல்லை. பெரியவர்கள் நடக்கும் தூரமில்லை. பதினெட்டுப் பேருக்குக் கிராப் வாடகைக் கார் பிடித்தால் ஐந்து கார் ஆகும், ஒரு சின்ன பஸ் பேசிவிடுங்கள். பஸ் இருந்தால் சிலாங்கூர் அணை வரைக்கும் போகலாம். அதற்காகத் தெமுவான் பூர்வகுடிகளின் கம்பங்கள் (கிராமங்கள்) இடம் பெயர்க்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஊர் மாறிய கதை 1930-ல் முடியவில்லை. அதற்கு மேலே பிரேசர் மலைச் சடக்கில் பெரிய பஸ் ஏற்ற வேண்டாம், வளைவு அதிகம், மண்சரிவும் உண்டு. பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னி 1951 அக்டோபர் 6-ல் சுடப்பட்டதும் அந்தச் சடக்கில்தான்.

காலையில் பசியாறியதும் நடையை முடியுங்கள், மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் மழை இருட்டும். ஆற்றில் கால் நனைக்கிறவர்கள் இருந்தால், தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி இலை சருகு மிதந்து வந்தால் அந்த நிமிஷமே கரையேறச் சொல்லுங்கள். மேலே பெய்த மழை வருகிறது என்று அர்த்தம்.

செந்தூல்_வாசகி:
மிக்க நன்றி. கிரானில் ‘முக்கிம்’ இருக்கிறது, தப்பித்தோம். பழைய ஊரின் படமோ செய்தியோ கிளம்புவதற்கு முன் தேட வழி உண்டா? ‘அம்பாங் பெச்சா’ என்று மலாயில் தட்டினால் இப்போதைய வீட்டு விளம்பரம்தான் வருகிறது.

பழைய_சடக்கு:
எழுத்துதான் பிரச்சினை. 1972 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் மலாயில் ‘ச’ ஒலிக்கு சி-யோடு எச் சேர்த்து எழுதினார்கள். பெச்சாவை அப்படி எழுதித் தேடுங்கள். முக்கிம் பெயரில் இன்றும் அந்தப் பழைய எழுத்துதான். மாவட்டத்துக்கு எச் இல்லாத ‘உலு’. கோல குபுவுக்கு கே-டபிள்யூ போட்ட ‘க்வாலா’வையும் விடாதீர்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளம் இலவசம், 1926 டிசம்பரில் இருந்து பார்த்தால் வெள்ளச் செய்திகள் கிடைக்கும். அரசாங்கக் கடிதங்கள் வேண்டுமானால் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள். அங்கே போகிறவர் கோப்பு எண்ணை முன்கூட்டியே குறித்துக்கொண்டு போகட்டும், ‘கோல குபு வெள்ளம்’ என்று வாயால் சொன்னால் எடுத்துத் தர மாட்டார்கள்.