சந்தா கட்டியவரைத் திருடர் என்று சொல்ல யார் உரிமை கொடுத்தது?

வைகைக்கரை (ஃபிராங்க்ஃபர்ட்):
நேற்று இந்த மன்றத்தின் வேறோர் இழையில் கோபுரவாசல் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு விபிஎன் போட்டு இந்தியச் சந்தாவில் படம் பார்ப்பவரும், பர்மா பஜாரில் திருட்டு விசிடி வாங்கியவரும் ஒன்றுதான்" என்பது அவருடைய வாக்கு. (விபிஎன் என்பது, நாம் வேறொரு நாட்டிலிருந்து இணையத்துக்கு வருவதுபோலக் காட்டும் சேவை.) திருட்டு விசிடி வாங்கியவர் தயாரிப்பாளருக்கு ஒரு பைசாவும் கொடுக்கவில்லை. நானோ என் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து, என் இந்தியக் கைபேசி எண்ணுக்கு வந்த ஓடிபியைப் போட்டு, இணையத்தில் படமும் தொடரும் காட்டும் செயலிக்கு ஆண்டுச் சந்தாவை முழுதாகக் கட்டியிருக்கிறேன். ரசீது மின்னஞ்சலில் பத்திரமாக இருக்கிறது. மதுரைக்குப் போகும்போது அதே கணக்கில் அதே தொடர் தடையில்லாமல் ஓடுகிறது. இங்கே திரும்பியதும், "இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது" என்ற ஒற்றை வரி கறுப்புத் திரையில் வந்து நிற்கிறது. என் மாமியார் எங்களுடன் தங்க வந்திருந்தபோது, அன்றாடம் பார்க்கும் தொடருக்காக மாலையானதும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, அந்த வரியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போவார். அவருக்காகத்தான் விபிஎன் வாங்கினேன், அதையும் காசு கொடுத்தே வாங்கினேன். சந்தா கட்டியவர் திருடரா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர் நேரடியாகப் பதில் சொல்லட்டும்.

கோபுரவாசல் (சென்னை):
நேற்று சொன்னதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறப்போவதில்லை. படங்களின் உரிமை விற்பனை ஒப்பந்தங்களை எழுதும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால், இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதை நண்பருக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு படத்தின் உரிமை ஒரே துண்டாக விற்கப்படுவதில்லை. தமிழ்நாடு தனி, கேரளம் தனி, மலேசியாவும் சிங்கப்பூரும் பிற நாடுகளும் சேர்ந்த எஃப்எம்எஸ் தனி. இணையத்தில் காட்டுவதற்கான எண்ணியல் உரிமையும் இப்படியே நாடு நாடாகப் பிரிக்கப்படலாம். எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு ஐபிஎல். 2023 முதல் 2027 வரையிலான ஆட்டங்களுக்கு 2022 ஜூனில் நடந்த ஏலத்தில், இந்தியத் துணைக்கண்டத்துக்கான முதன்மை எண்ணியல் உரிமை மட்டும் 20,500 கோடி ரூபாய்க்குப் போனது. வெளிநாட்டு உரிமை தனியாக 1,058 கோடிக்கு விற்கப்பட்டது. அதிலும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா வயாகாம்18 நிறுவனத்துக்கும், அமெரிக்காவும் மத்தியக் கிழக்கும் டைம்ஸ் இன்டர்நெட்டுக்கும் சென்றன. ஜெர்மனிக்கான உரிமையை வாங்காத ஒருவர் ஜெர்மனியில் இருக்கும் உங்களுக்கு எதைக் காட்ட முடியும்? மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு டிக்கெட் வாங்கியவர், "நானும் காசு கொடுத்தவன்தான்" என்று சொல்லித் திருச்சி வரை உட்கார்ந்துகொண்டு போனால் நடத்துநர் விடுவாரா?

வைகைக்கரை:
ஏலக் கணக்கை யாரும் கேட்கவில்லை. சந்தா கட்டியவர் திருடரா என்று கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை. பேருந்தில் நான் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க வேண்டியிருக்கும். நான் தொடர் பார்ப்பதால் மதுரையில் யாருக்குத் தொடர் நின்றுபோகிறது? ஐரோப்பாவில் இது எப்படி நடக்கிறது என்று நானும் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/1128 எண் ஒழுங்குமுறை 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஜெர்மனியில் சந்தா கட்டிய ஒருவர் ஸ்பெயினுக்குச் சுற்றுலா போனால், ஜெர்மனியில் பார்த்ததையெல்லாம் கூடுதல் கட்டணம் இல்லாமல் அங்கேயும் அவருக்குக் காட்டியாக வேண்டும். ஸ்பெயினுக்கான உரிமை வேறு ஒருவரிடம் இருந்தாலும், அவர் ஜெர்மனியிலிருந்தே பார்ப்பதாகச் சட்டம் கொள்கிறது. காசு கட்டியவரோடு அவர் வாங்கியதும் பயணம் செய்யும் என்பதை 27 நாடுகள் ஏற்றிருக்கும்போது, நம் ஊரில் மட்டும் அது திருட்டாகிவிடுமா?

அலைமகள் (லண்டன்):
அந்தச் சட்டத்தைப் பாதி மட்டும் சொல்கிறீர்கள், வைகைக்கரை. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியபின் 2021 ஜனவரி 1 முதல் எங்களுக்கு அந்த உரிமை இல்லை. அதற்கு முந்தைய நாள்வரை பிரான்சில் பார்க்க முடிந்த பிரிட்டன் சந்தாவை, மறுநாளிலிருந்து அதே சந்தாதாரர் காட்டச் சொல்லிக் கேட்க முடியாமல் போனது. அவர் கட்டிய பணம் மாறவில்லை, சட்டம்தான் மாறியது. ஆகவே உரிமையைத் தருவது சட்டமே. காசு கட்டினேன் என்று எத்தனை முறை சொன்னாலும் அதனால் உரிமை வந்துவிடாது.

கோபுரவாசல்:
சகோதரி சரியாகச் சொன்னார். இன்னொன்றையும் சேர்க்கிறேன். அந்த ஒழுங்குமுறை தற்காலிகமாக வேறு உறுப்பு நாட்டுக்குப் போனவருக்கு மட்டுமானது. வைகைக்கரை ஃபிராங்க்ஃபர்ட்டில் வீடு வாங்கிய செய்தியைச் சென்ற ஆண்டு இதே மன்றத்தில் எல்லோருக்கும் அறிவித்தார், நாமும் வாழ்த்தினோம். வீடு வாங்கிக் குடியேறியவர் எப்படிச் சுற்றுலாப் பயணியாவார்? அந்தச் சட்டத்தின்படியே சந்தாதாரர் எந்த நாட்டில் வசிக்கிறார் என்பதை நிறுவனம் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்தால் உங்கள் வசிப்பிடம் இந்தியா அல்ல.

வைகைக்கரை:
நான் வீடு வாங்கியதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? திரையரங்கக் கட்டணம் பற்றிய இழையிலும் பதில் இல்லாமல் போனதும் கோபுரவாசல் என் சம்பளத்தைப் பற்றிப் பேசினார், அதை நான் மறக்கவில்லை. வசிப்பிடத்தைப் பிடித்துத் தொங்குபவர்கள் கேரன் மர்ஃபி வழக்கைப் படிக்கட்டும். போர்ட்ஸ்மவுத்தில் மதுவிடுதி நடத்திய அந்த அம்மையார், பிரிட்டன் ஒளிபரப்பாளர் கேட்ட பெருந்தொகையைக் கட்ட மாட்டாமல், கிரேக்கத் தொலைக்காட்சி நிறுவனத்தின் ஒளிபரப்பைத் திறக்கும் அட்டையை வாங்கிக் கால்பந்து காட்டினார். அதற்காக அவருக்கு அபராதமும் செலவுமாக ஏறத்தாழ 8,000 பவுண்டு விதித்தார்கள். அவர் விடவில்லை. 2011 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், வேறு உறுப்பு நாட்டின் அட்டையை வாங்கவும் பயன்படுத்தவும் தடை போடுவது ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. 2012-இல் அவருடைய தண்டனையும் நீக்கப்பட்டது. அந்த அம்மையார் சுற்றுலாப் பயணி அல்லர், கிரீஸில் வசித்தவரும் அல்லர், ஆனால் காசு கட்டியவர். நானும் காசு கட்டியவன்.

அலைமகள்:
அதே தீர்ப்பின் அடுத்த பகுதியையும் நீங்களே சொல்லியிருக்கலாம். ஆட்டம் பதிப்புரிமைக்கு உரியது அல்ல என்றாலும், ஒளிபரப்பில் வரும் தொடக்கக் காணொளி, இசை, வரைகலை ஆகியவை பதிப்புரிமைக்கு உரியவை, அவற்றை விடுதியில் வாடிக்கையாளர்களுக்குக் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. ஒரு தொடரிலோ, படத்திலோ ஒவ்வொரு நொடியும் பதிப்புரிமைக்கு உரியது. மேலும் அது ஒன்றியத்துக்குள் இரண்டு நாடுகளுக்கு இடையிலான வழக்கு. இந்தியா எப்போது ஒன்றியத்தில் சேர்ந்தது?

வைகைக்கரை:
அவர் விடுதியில் பத்துப் பேருக்குக் காட்டினார், நான் என் வீட்டில் என் குடும்பத்துக்குக் காட்டுகிறேன். வித்தியாசம் எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. காசு கட்டியவர் திருடரா என்பதற்கு இரண்டு பேர் சேர்ந்தும் இன்னும் பதில் சொல்லவில்லை.

மணல்மேடு (ஷார்ஜா):
ஐரோப்பாவில் இருப்பவர்கள் நீதிமன்றத் தீர்ப்பைப் பேசலாம். வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்த இழையைப் படித்துவிட்டு, விபிஎன் போடுவதில் தவறே இல்லை என்று நம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் இணையக் குற்றச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில், குற்றம் செய்வதற்காகவோ, அதை மறைப்பதற்காகவோ பொய்யான இணைய முகவரியைப் பயன்படுத்தினால் சிறையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. லேபர் கேம்ப்பில் ஓர் அறையில் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் இளைஞர்களிடம், "காசு கட்டியிருந்தால் போதும், தைரியமாகப் போடு" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வைகைக்கரை:
மணல்மேடு அண்ணன் எழுதிய வரியிலேயே பதில் இருக்கிறது. "குற்றம் செய்வதற்காக" என்று சட்டம் சொல்கிறது. அங்கே நிறுவனங்களும் வங்கிகளும் அன்றாடம் விபிஎன் பயன்படுத்துகின்றன, அது குற்றமில்லை. கட்டிய சந்தாவில் தொடர் பார்ப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று முதலில் காட்டுங்கள், அபராதத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

மணல்மேடு:
தம்பி, அது குற்றமா இல்லையா என்று முடிவு செய்யப்போவது நீங்கள் அல்லர். மாட்டிக்கொண்டவர் விமான நிலையத்தில் உங்கள் பதிவை எடுத்துக் காட்ட முடியாது.

யாழ்நிலா (டொராண்டோ):
இவ்வளவு நேரமாக எல்லோரும் இந்தியச் சந்தா, இந்திய எண், இந்திய வங்கி என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இலங்கையிலிருந்து வந்த எங்களிடம் இந்தியக் கைபேசி எண் இல்லை. ஓடிபி வர வழியில்லை. யுபிஐ பற்றிப் பேசவே வேண்டாம். 2023 ஜனவரியில் கனடா, பிரிட்டன், சிங்கப்பூர் உள்ளிட்ட பத்து நாடுகளின் கைபேசி எண்களுக்கு யுபிஐ திறக்கப்பட்டபோதும், இந்திய வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது பயன்பட்டது. எங்கள் அம்மாமாரும் அதே தொடர்களைத்தான் பார்க்கிறார்கள். இங்கே கடைகளில் இணையம் வழியாக அலைவரிசைகளைக் காட்டும் ஐபிடிவி பெட்டி விற்பவர் ஆண்டுக்கொரு தொகை வாங்கிக்கொண்டு எல்லா அலைவரிசையையும் திறந்துவிடுகிறார். தயாரிப்பாளருக்கு அதில் ஒரு சதமும் போவதில்லை. வைகைக்கரை அண்ணாவுக்காவது காசு கட்ட ஒரு வாசல் இருக்கிறது. எங்களுக்கு அந்த வாசலையும் மூடிவைத்துவிட்டு, பெட்டி வாங்கினால் திருடர் என்று கோபுரவாசல் ஐயா சொல்லப்போகிறாரா?

கோபுரவாசல்:
பெட்டி வாங்குவது திருட்டுத்தான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கனடாவில் முறையாகக் கிடைக்கும் தமிழ்ச் சேவைகள் இருக்கின்றன. அவற்றின் விலை இந்திய விலையைவிட அதிகம் என்பதற்காகப் பெட்டிக்காரரிடம் போனவர்களே பெரும்பாலானோர்.

யாழ்நிலா:
எங்களைப் பற்றி எதுவும் தெரியாமல் "பெரும்பாலானோர்" என்று எழுதாதீர்கள். முறையாகக் கிடைக்கும் சேவையில் பாதிப் படங்கள் இல்லை. உள்ள படங்களும் உரிமைக்காலம் முடிந்ததும் சொல்லாமல் மறைந்துவிடுகின்றன. 1983-க்குப் பின் சிதறி வந்த சனம், கடை கடையாக வீடியோ கசெட் வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டில் தமிழ்ப்படத்துக்கு ஒரு சந்தையை உண்டாக்கியது. நீங்கள் பெருமையாகச் சொன்ன எஃப்எம்எஸ் விலைக்குப் பின்னால் எங்கள் காசும் இருக்கிறது.

வைகைக்கரை:
யாழ்நிலா சொல்வது மிகச் சரி. ஆனால் பெட்டியையும் என் சந்தாவையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். நான் காசு கட்டியவன்.

யாழ்நிலா:
என் நியாயத்தை ஏற்றுக்கொண்ட அடுத்த வரியிலேயே என்னைத் தள்ளி நிறுத்திவிட்டீர்கள், அண்ணா. காசு கட்ட வழி கிடைத்த உங்களுக்கு அது எளிது.

கோபுரவாசல்:
"காசு கட்டினேன்" என்பதையே வைகைக்கரை மந்திரம்போலச் சொல்லிக்கொண்டிருப்பதால், விபிஎன்னுக்குக் கட்டிய காசில் அவர் வாங்கும் இந்திய இணைய முகவரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விபிஎன் நிறுவனங்கள் தங்கள் சந்தாதாரர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டதும், எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. எக்ஸ்பிரஸ்விபிஎன் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் சர்வரை வைத்துக்கொண்டு இந்திய முகவரியை மட்டும் வழங்கியது. ஃபிராங்க்ஃபர்ட்டில் இருப்பவர் சிங்கப்பூர் வழியாக வந்து, "நான் மதுரையில் இருக்கிறேன்" என்று செயலியிடம் சொல்கிறார். இதை நேர்மை என்று எந்த ஊரில் சொல்வார்கள்?

வைகைக்கரை:
சர்வர் எங்கே இருந்தால் என்ன, பணம் யாருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. என் பணம் இந்திய நிறுவனத்துக்குப் போகிறது. ஜெர்மனியில் அந்தத் தொடரை யாராவது முறையாக விற்றால், நான் அவரிடம் வாங்காமல் விபிஎன் போட்டேன் என்று குற்றம் சாட்டலாம். இங்கே விற்பவரே இல்லை! எனக்கு விற்கவும் மாட்டோம், வாங்கியதைப் பார்க்கவும் விடமாட்டோம் என்றால், என் மாமியார் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒப்பந்தம் எழுதுபவரே சொல்லட்டும்.

அலைமகள்:
இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தின் மூலம் சேர்த்த 65ஏ பிரிவைப் பாருங்கள். பதிப்புரிமையைக் காக்க வைத்த தொழில்நுட்பத் தடையைத் தாண்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

வைகைக்கரை:
அந்தப் பிரிவிலும் உரிமையை மீறும் நோக்கத்தோடு தாண்டினால்தான் குற்றம் என்று தெளிவாக இருக்கிறது. காசு கட்டிய பின் எனக்கு மீறும் நோக்கம் எங்கிருந்து வந்தது?

கோபுரவாசல்:
இந்தியாவுக்கு மட்டும் என்று எழுதியிருந்த விதிமுறைகளுக்கு "ஒப்புக்கொள்கிறேன்" என்று குறியிட்டுவிட்டுத்தானே கட்டினீர்கள், அந்தக் காசை?

வைகைக்கரை:
அந்த விதிமுறைகளில் திருட்டு என்ற சொல் எந்த வரியில் இருக்கிறது என்பதை எடுத்துப் போடுங்கள். நாளை காலை வந்து பார்க்கிறேன்.

மணல்மேடு:
வளைகுடாவில் இருப்பவர்கள் நான் மேலே எழுதியதை இன்னொரு முறை படிக்கவும்.