மறுமொழி: 'ஹார்மனைசேஷன்' – அளவிணக்கம் என்று சொல்லலாமா?

வணக்கம். வெவ்வேறு கருவிகளில் எடுத்த மூளைப் படங்களை ஒப்பிடத்தக்கதாக்கும் 'ஹார்மனைசேஷன்' என்பதற்கு 'அளவிணக்கம்' என்று முன்மொழிந்திருந்தேன். அதற்கு வந்த கேள்வி:

> 'ஒத்திசைவு' போதாதா? எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

தெரிந்த சொல் என்பதால்தான் தயங்குகிறேன். எம்ஆர்ஐ பற்றி எழுதும்போது 'ரெசொனன்ஸ்' என்பதற்கு ஒத்ததிர்வு, ஒத்திசைவு இரண்டுமே புழங்குகின்றன. 'காந்த ஒத்திசைவுப் படங்களின் ஒத்திசைவு' என்று எழுதினால் படிப்பவர் குழம்பிவிடுவார். 'தரப்படுத்தல்' என்பதும் பொருந்தாது; அது படம் எடுப்பதற்கு முன்னால் செய்யும் வேலை. நாம் பேசுவது வெவ்வேறு கருவிகளில் எடுத்த படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் நிலைக்குக் கொண்டுவருவதை.

அல்சைமர் என்னும் மறதிநோயை மூளைப் படங்கள் வழியாக ஆராய, 2004இல் மைக்கேல் வெய்னர் தலைமையில் தொடங்கிய ஏடிஎன்ஐ திட்டத்தையே பாருங்கள். முதல் கட்டத்தில் அமெரிக்கா, கனடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மையங்களில் சுமார் 800 பேரைப் படமெடுத்தார்கள். ஆய்வாளர்கள் விண்ணப்பித்து அந்தப் படங்களைப் பெறலாம். புதிய மருந்துச் சோதனைக்கு எத்தனை பேர் தேவை என்று கணக்கிட இவை உதவுகின்றன.

ஆனால் கணக்கு நுட்பமானது. அல்சைமர் உள்ளவர்களின் ஹிப்போகேம்பஸ் (நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி) ஆண்டுக்குச் சுமார் 4.7% சுருங்குகிறது, நோயில்லாத முதியவர்களுக்குச் சுமார் 1.4%. மருந்தின் பலனைத் தேடும் இடைவெளி மூன்று விழுக்காடு சொச்சம்தான். கருவியின் பிழை அதற்குள் புகுந்துவிட்டால் பலன் கண்ணுக்கே தெரியாது. அதனால் ஏடிஎன்ஐ மையங்களில் ஒரு பிளாஸ்டிக் உருண்டையையும் படமெடுத்தார்கள். உள்ளே சின்னச் சின்னக் கோளங்கள்; ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று முன்பே துல்லியமாகத் தெரியும். படத்தில் அவை இடம் தள்ளித் தெரிந்தால், கருவி எவ்வளவு இழுக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்தலாம். இந்த 'பேன்டம்' என்பதற்கு 'அளவுருண்டை' என்று குறித்துவைத்திருக்கிறேன், அப்புறம் தனியாகப் பேசுவோம்.

அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தைக் காட்டும் பெட் படங்களில் சிக்கல் வேறு. உடலில் செலுத்தும் கதிரியக்கப் பொருள் மாறினால் எண்ணும் மாறும். 2015இல் வந்த சென்டிலாய்டு அளவுகோல் எல்லாவற்றையும் ஒரே கோலுக்குக் கொண்டுவந்தது: நோயற்ற இளையவர்களின் சராசரி 0, அல்சைமர் நோயாளிகளின் சராசரி 100. அமிலாய்டை அகற்றும் டொனானெமாப் மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையில் ஒருவரின் அளவு 11க்குக் கீழே இறங்கியதும் மருந்தை நிறுத்தி, அவருக்குத் தெரியாமலே போலிமருந்துக்கு மாற்றினார்கள். ஓர் எண்ணை நம்பி இவ்வளவு பெரிய முடிவு!

சரி, சொல்லுக்கு வருவோம். சண்டை போட்ட இருவரை 'இணக்கி வைத்தார்' என்கிறோம். அவர்கள் ஒரே ஆளாகிவிடுவதில்லை. ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பிடிபடுகிறது, அவ்வளவுதான். கருவிகளிடையே நடப்பதும் அதுவே. ஆகவே அளவிணக்கம். வினையாகவும் வளைகிறது: 'அளவிணக்கிய படங்கள்', 'அளவிணக்காத தரவு'.

'ஒப்பளவாக்கம்' என்று முன்மொழிந்த நண்பர் பொருளைச் சரியாகவே பிடித்திருக்கிறார். ஆனால் மறதி தொடங்கிய ஒருவரும் அவர் மகளும் உட்கார்ந்து படிக்கும் ஒப்புதல் படிவத்தில் 'ஒப்பளவாக்கப்படாத' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 'இணக்கம்' ஏற்கெனவே 'கம்பேட்டிபிலிட்டி'க்குப் புழங்குகிறது என்பது நியாயமான ஆட்சேபம்தான். முன்னால் 'அளவு' நிற்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். இதைவிட எளிய சொல் யாரிடமாவது இருந்தால் ஒரு முழு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள்.